வாங்க வழியில்லாதவர்கள் கண்ட சந்தை

(கோயம்புத்தூரில் தொழில் நடத்துவோர் கூடிய ஆண்டுவிழாச் சபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சிகளைப் பற்றி இச்சபையில் பேசவேண்டும் என்று உங்கள் காரியதரிசி என்னைக் கேட்டபோது, ஏற்றுமதி, இறக்குமதி, சுங்கவரி ஆகிய விஷயங்களில் அனுபவம் முதிர்ந்தவர்கள் உங்களுக்குள்ளேயே பலர் இருக்கிறார்கள் என்பதை உத்தேசித்து, வாங்கவும் விற்கவும் போகாமல் பார்ப்பதற்கென்றே பொருட்காட்சிக்குப் போன ஒரு சிறுவனுடைய ஞாபகங்களைச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். அச்சிறுவன் நான்தான். பிற்காலத்தில் தொழிற்பள்ளியொன்றில் மாணவர்களுக்கு லேத் ஓட்டக் கற்றுக்கொடுப்பதே என் உத்தியோகமாக அமைந்ததற்கு எது காரணம் என்று யாராவது கேட்டால், ஒரு பொருட்காட்சியில் கழித்த சில மணி நேரம் என்றே நான் பதில் சொல்வேன். ஒரு பொருட்காட்சியின் வெற்றியைக் கையெழுத்தான ஒப்பந்தங்களின் தொகையால் அளப்பது உலக வழக்கம். காசில்லாமல் வந்து கண்ணால் மட்டும் கொண்டுபோனவர்களுக்குக் கிடைத்ததையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதை உங்கள் முன் வைப்பதற்காகவே வந்திருக்கிறேன்.

முதலில் காலத்தையும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி, நாடு சுதந்திரம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடிய வருஷத்தில், தில்லி மதுரா சாலையில், பழைய கோட்டைக்கு எதிரே விரிந்துகிடந்த நிலப்பரப்பில், ‘ஏஷியா 72’ என்ற பெயரால் மூன்றாவது ஆசிய சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சி தொடங்கியது. முதலாவது 1966இல் பாங்காக்கிலும் இரண்டாவது 1969இல் தெஹ்ரானிலும் நடந்தேறியிருந்தன. தில்லியில் அதற்கென்று சீர்திருத்திய மைதானத்துக்குப் பிரகதி மைதானம் என்று பெயரிட்டார்கள். பொருட்காட்சி முடிந்து வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது. தகப்பனார் மத்திய சர்க்கார் காரியாலயத்தில் குமாஸ்தா. கரோல்பாக்கிலும் லோதி காலனியிலும் சரோஜினி நகரிலும் அக்காலத்தில் பெருகியிருந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டில் தமிழும் தெருவில் ஹிந்தியும், கோடையில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய் வருவதுமாக எங்கள் வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது.

பின்வரிசையில் இருக்கும் இளைஞர்களுக்காக அந்நாளைய நிலைமையைச் சற்று விவரித்தாக வேண்டும். அந்நியச் செலாவணி அருமையாயிருந்த காலம் அது. வெளிநாட்டுப் பொருள் எதுவானாலும் லைசென்ஸ் இன்றி நாட்டுக்குள் வராது. உள்நாட்டில் செய்த பொருளோ, கேட்டவர்க்கெல்லாம் கிடைக்காது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். வீட்டில் ரேடியோ வைத்திருப்பதற்கு ஆண்டுதோறும் தபால் ஆபீஸில் கட்டணம் செலுத்தி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். தில்லியில் 1959 முதலே தொலைக்காட்சி உண்டென்றாலும், சென்னைக்கு அது வந்து சேர 1975 ஆயிற்று. தில்லியிலும் எங்கள் வரிசை வீடுகளில் பெட்டி வைத்திருந்தவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, தெருப்பிள்ளைகள் அனைவரையும் உட்காரவைத்த அந்த மனிதருடைய பெருந்தன்மையை இப்போதும் வியக்கிறேன். அப்படிப்பட்ட நாளில், பல தேசங்கள் தத்தம் சரக்குகளை ஒரே மைதானத்தில் பரப்பி வைத்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்ற செய்தி எங்கள் தெருவை எவ்வளவு கிளர்ச்சியுறச் செய்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பொருட்காட்சி என்பது சந்தையின் வழித்தோன்றல்தான். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறுவதும் இறங்குவதுமாய்க் குவிந்த மூட்டைகளுக்குச் சோழனுடைய புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பொருள் வந்து இறங்கியது, கைமாறியது, வண்டியேறிப் போயிற்று. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துச் சந்தைக்கு 1497இல் மன்னர் மாக்ஸிமிலியன் உரிமைச் சாசனம் அளித்தபோதும் நடைமுறை இதுவே. வணிகன் தன் சரக்கு முழுவதையும் சுமந்துகொண்டு வந்தான். ரயிலும் ஆலையும் பெருகிய பின்னர், ஒரே மாதிரியான பொருளை ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்த நிலையில், அத்தனையையும் சுமந்து வருவானேன், ஒன்றைக் கொண்டுவந்து காட்டி மற்றதற்கு உத்தரவு வாங்கிக்கொண்டு போனால் போதுமே என்ற யோசனை பிறந்தது. 1895 முதல் லைப்சிக் அவ்வாறான மாதிரிச் சந்தையாகவே நடக்கலாயிற்று. இன்றைய வர்த்தகப் பொருட்காட்சிகள் அனைத்தும் அந்த ஏற்பாட்டைப் பின்பற்றுவனவே. சரக்கு விற்பனைக்கு இல்லை, பார்வைக்கு உண்டு என்று ஆனவுடன், வாங்கும் சக்தி அறவே இல்லாதவனுக்கும் உள்ளே நிற்க ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. வியாபாரி தன் சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட மாற்றம், ஏழைப் பிள்ளைக்கு வாசலைத் திறந்துவிட்டது.

லண்டனில் 1851இல் ஹைட் பார்க்கில் கண்ணாடியாலும் இரும்பாலும் மாளிகை எழுப்பி நடத்திய மகா பொருட்காட்சியில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். மே மாதம் முதல் தேதி தொடங்கியபோது கட்டணம் பிரபுக்களுக்கும் தனவந்தர்களுக்கும் மட்டுமே கட்டுப்படியாகும் வண்ணம் இருந்தது. அம்மாதக் கடைசியில் ஒரு ஷில்லிங் நாட்களை ஏற்படுத்தினார்கள். தொழிலாளர் கூட்டம் வந்தால் கலவரம் நேரும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். கலவரம் நேரவில்லை. ஆலைத் தொழிலாளர்களும் கிராமத்துக் குடியானவர்களும் குடும்பம் குடும்பமாக வந்து, ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களைச் சுற்றி நின்றார்கள். அக்டோபரில் கதவடைப்பதற்குள் வந்துபோனோர் தொகை 60 லட்சம். பஞ்சாபை வென்று எடுத்துப்போன கோஹினூர் வைரத்தையும் அங்கே கூண்டில் வைத்திருந்தார்கள் என்பதை நம்மவர்கள் மறந்துவிடலாகாது. பொருட்காட்சிகளின் சரித்திரத்தில் ஞானமும் உண்டு, கொள்ளையடித்ததைக் காட்டிப் பெருமை கொண்டாடிய குற்றமும் உண்டு.

பிரகதி மைதானத்துக்கு வருகிறேன். பொருட்காட்சி தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே அதன் பெரிய கூடம் எழும்பிக்கொண்டிருந்ததை மதுரா சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நாங்கள் பார்த்தோம். ‘ஹால் ஆப் நேஷன்ஸ்’ என்பது அதன் பெயர். வடிவமைத்தவர் ராஜ் ரேவால் என்ற கட்டடக் கலைஞர். அது நிற்பதற்கான கணிதத்தைச் செய்தவர் மகேந்திர ராஜ் என்ற பொறியியலாளர், சண்டிகரில் லெ கொர்புசியேயின் கட்டடங்களில் பணியாற்றியவர். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் எழுபது மீட்டருக்கும் அதிகமான அகலத்தை மூடவேண்டும். மேல்நாடுகளில் இத்தகைய வேலைக்கு எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்துச் சட்டகம் அமைப்பார்கள். நம் நாட்டிலோ தக்க எஃகு கிடைப்பதரிது, கிடைத்தாலும் விலை அதிகம். சிமெண்டும் மணலும் கல்லும் இருந்தன, கைகள் இருந்தன. ஆகவே அந்தச் சட்டகம் முழுவதையும் கம்பி கட்டிய கான்கிரீட்டாலேயே, நின்ற இடத்தில் வார்த்து முடிப்பதென்று தீர்மானித்தார்கள். உலகத்தில் அதற்கு முன் அவ்வளவு பெரிய அளவில் எவரும் அப்படிச் செய்ததில்லை. தலையில் சும்மாடும் அதன்மேல் கான்கிரீட் சட்டியுமாகச் சாரத்தில் ஏறிப்போன பெண்களை நான் பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருடைய குழந்தைகள் என் வயதினராகவே மணற்குவியலில் விளையாடிக்கொண்டிருந்தன. அந்தக் கூடத்தைக் கட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு இரண்டு பெயர்களைச் சொல்லி நிறுத்திக்கொள்ள என்னால் இயலாதது அதனால்தான்.

அந்தக் கூடு ஏன் சரிந்து விழவில்லை என்பது என் சந்தேகம். எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் மாமா ஒருவர், நிர்மாண இலாகாவில் வரைபடம் போடும் உத்தியோகத்திலிருந்தவர், ஒரு நாள் விளக்குமாற்றிலிருந்து குச்சிகளை உருவி, அம்மாவின் பூத்தொடுக்கும் நாரால் நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி என் கையில் கொடுத்தார்.

“ஒரு மூலையை அழுத்திப் பாருடா,” என்றார். அழுத்தினேன், சதுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பிறகு மூன்று குச்சிகளைக் கட்டிக் கொடுத்தார். எந்த மூலையை அழுத்தினாலும் அது உருமாறவில்லை. “குச்சி முறியணும், இல்லாட்டா கட்டு அவிழணும், அதுவரைக்கும் இது சாயாது. அங்கே எழும்புதே, அது முழுக்க இந்த மாதிரி மூணுதான்,” என்று சொல்லிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார். நான் அன்று மாலை முழுவதும் வாசற்படியில் உட்கார்ந்து விளக்குமாற்றைக் காலி செய்தேன், அம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

பொருட்காட்சிக்குப் போன நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில்லியில் நவம்பர் மாதத்து வெயில் இதமாயிருக்கும்; பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஸ்வெட்டரில் பாச்சையுருண்டை வாசனை போகாமலிருக்கும். அம்மா புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டாள். வாசலில் வறுத்த வேர்க்கடலை விற்பவர்களும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தணலில் சுட்டு எலுமிச்சை பிழிந்து கொடுப்பவர்களுமாக ஒரே ஜனத்திரள். எங்களுக்கு முன்னால் வரிசையில் ஹரியானாப் பக்கத்து ஜாட் குடியானவர் ஒருவர், வெள்ளைத் தலைப்பாகையும் கையில் தடியுமாக, மனைவியும் மருமகளும் பேரக்குழந்தைகளும் சூழ நின்றுகொண்டிருந்தார். டிராக்டர் பார்க்க வந்திருப்பதாக அப்பாவிடம் சொன்னார். வாங்கப்போகிறீர்களா என்று அப்பா கேட்டதற்கு, “பார்த்து வைக்கிறேன், என் பேரன் வாங்குவான்,” என்று அவர் சொன்ன பதிலை அப்பா பல வருஷங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய கூடத்துக்குள் நுழைந்ததும் நான் கண்ட முதற்காட்சி கூரையேயன்றிச் சரக்குகள் அல்ல. மாமாவின் முக்கோணங்கள், ஆள் உயரத்துக்கும் மேலானவை, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நாலாபுறமும் ஏறி மேலே போய் மூடிக்கொண்டிருந்தன. பூச்சு இல்லை, வர்ணம் இல்லை. கான்கிரீட் வார்த்தபடியே சாம்பல் நிறமாய், தொட்டால் சொரசொரவென்றிருந்தது. சட்டகத்தின் இடைவெளிகளின் வழியாக வெயில் நேராக விழாமல், உடைந்து உடைந்து தரையில் கோலமிட்டாற்போல் விழுந்தது. ஹுமாயூன் சமாதியில் கல்லைத் துளைத்துச் செய்த ஜாலிகளின் வேலையை இங்கே கட்டடத்தின் எலும்பே செய்துவிட்டது என்பதை நான் பிற்காலத்தில் படித்தறிந்தேன். அன்று தெரிந்ததெல்லாம், இத்தனை பெரிய இடத்தில் நிழலாகவும் வெளிச்சமாகவும் ஒரே சமயத்தில் இருக்கிறதே என்ற ஆச்சரியம்தான். தேசங்களின் சரக்கையெல்லாம் உள்ளே கொண்டிருந்த அந்தக் கூடமே அப்பொருட்காட்சியின் தலைசிறந்த சரக்கு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

அயல்நாட்டுக் கூடங்களைப் பற்றி விரிவாகச் சொல்லப்போவதில்லை. டிராக்டர்களும் நெசவு இயந்திரங்களும் வரிசையாக நின்றன. மடக்கிப் பெட்டிக்குள் அடக்கத்தக்க தையல் மெஷினைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு நகர மறுத்தார்கள். ஓரிடத்தில் காமிராவுக்கு முன்னால் நடந்தால் எதிரிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் நம் உருவமே தெரிந்தது. என் அக்கா தன் பின்னலைத் தானே பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். எல்லா இடங்களிலும் வழவழப்பான தாளில் அச்சிட்ட விளம்பரப் புத்தகங்களை வாரி வழங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அவை பெரிய பொக்கிஷம். அடுத்த வருஷம் முழுவதும் எங்கள் வகுப்பில் பாடப்புத்தகங்கள் டிராக்டரும் கிரேனும் அச்சடித்த அட்டைகளோடுதான் இருந்தன. சரித்திரப் புத்தகத்துக்குப் போட்ட அட்டையில் டீசல் இன்ஜின் ஒன்றின் குறுக்குவெட்டுப் படம் இருந்தபடியால், பானிப்பட்டு யுத்தங்களைப் படித்த நேரத்தில் பிஸ்டன் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதும் எனக்கு மனப்பாடமாயிற்று.

என் வாழ்க்கையைத் திருப்பிய இடத்துக்கு இப்போது வருகிறேன். நம் நாட்டு இயந்திரங்களை வைத்திருந்த கூடமொன்றில், இடுப்பளவு மரத்தடுப்புக்கு அப்பால், ஒரு லேத் ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரில் 1953இல் ஸ்விட்ஸர்லாந்துக்காரர்களின் துணையோடு எச்.எம்.டி. தொடங்கியதிலிருந்து, இயந்திரத்தைச் செய்யும் இயந்திரங்களையே நாமும் செய்கிறோம் என்ற பெருமிதம் நாட்டில் நிலவிய காலம் அது. லேத்துக்குப் பின்னால் நடுவயதைக் கடந்த சர்தார்ஜி ஒருவர், நீலக் கோட்டணிந்து நின்றுகொண்டிருந்தார். இரும்புக் கோல் ஒன்றைச் சக்கில் பூட்டி, சாவியால் இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு விசையைப் போட்டார். உளி தொட்டதும் ஒரு கீச்சொலி எழுந்து, உடனே ஒரே சீரான இரைச்சலாக அடங்கிற்று. இரும்பு நீண்ட சுருளாய்ச் சீவிக்கொண்டு வந்தது. வரும்போது வெண்மையாயிருந்த சுருள், கண் பார்த்திருக்கும்போதே வைக்கோல் நிறமாகி, பிறகு மயில்கழுத்து நீலமாக மாறித் தட்டில் விழுந்தது. நான் குனிந்து கையை நீட்டியதைக் கண்டதும் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “தொடாதே பேட்டா, சுடும், கையையும் அறுத்துவிடும்,” என்று ஹிந்தியில் சொன்னார். அதட்டலே இல்லை. பிறகு பால்போன்ற வெள்ளைத் திரவத்தை வழியவிட்டு வெட்டி, அதன் உபயோகம் இன்னதென்று விளக்கி, குளிர்ந்த சுருளொன்றைத் துணியில் வைத்து என்னிடம் காட்டினார்.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு வேடிக்கையாகவே முடிந்திருக்கும். அவர் சட்டைப்பையிலிருந்து மைக்ராமீட்டர் ஒன்றை எடுத்து, என் தலையிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கி, அதன் இரு முனைகளுக்கிடையே வைத்துத் திருகியை மெல்லத் திருப்பினார். டிக், டிக் என்று அது சத்தமிட்டதும் என் கண்ணுக்கெதிரே பிடித்து, எந்தக் கோட்டை எந்தக் கோட்டோடு சேர்த்துப் படிக்கவேண்டுமென்று காட்டினார். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு. தான் அந்தக் கோலைச் சீவியபோது விடத்தக்க தவறு இதில் பாதிகூட இல்லை என்றும், அதற்கு மேல் பிசகினால் அந்தத் தண்டு தாங்கியில் ஏறாது, ஏறினாலும் ஓடாது என்றும் அவர் சொன்னார். தலைமுடியைவிட மெல்லியதான ஒன்று அளக்கத்தக்கது, அளந்து அதற்குக் கட்டுப்பட்டு மனிதன் கையால் வேலை செய்ய முடியும் என்பது எனக்குத் தெரிந்த கணம் அது. நான் தொழிற்பள்ளியில் ஆசிரியனான பிறகு ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஒரு மாணவனுடைய தலைமுடியை அளந்து காட்டித்தான் பாடம் தொடங்குவேன். அந்த சர்தார்ஜியின் பெயரை நான் கேட்கவில்லை. குழந்தைகள் பெரியவர்களின் பெயரைக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

அவர் என்னிடம் நடந்துகொண்ட விதத்தை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். குமாஸ்தாவும் அவருடைய பத்து வயதுப் பிள்ளையும் லேத் வாங்க வந்தவர்களல்லர் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆயினும், ஆலை முதலாளியொருவருக்கு விளக்கியிருந்தால் எவ்வளவு சிரத்தையோடு விளக்கியிருப்பாரோ அவ்வளவு சிரத்தையோடு விளக்கினார். அப்பா ஒவ்வோர் இடத்திலும் விலையைக் கேட்டார். வாங்க உத்தேசமில்லாமல் விலை கேட்பது கூச்சத்துக்குரிய காரியம் என்று எண்ணிய அம்மா, “எதுக்கு இப்படிக் கேட்டுண்டே போறேள்?” என்றாள். “பையன் தெரிஞ்சுக்கட்டும். என்ன விலைன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு வேலை இருக்குன்னு தெரியும்,” என்று அப்பா பதில் சொன்னார். அவர் கேட்ட இடங்களில் எல்லாம் விலை சொன்னார்கள். நீ வாங்குவாயா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்த கோடை விடுமுறைக்குச் சென்னை சென்றிருந்தபோது, தில்லிப் பொருட்காட்சியைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த என் அத்தை பிள்ளைகள், தாங்கள் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே ஒன்றைக் கண்டவர்கள் என்று பதிலுக்குப் பெருமை பாராட்டினார்கள். உண்மையே. 1968இல் சென்னையின் மேற்கே நடுவக்கரைப் பக்கத்தில், இன்று அண்ணாநகர் என்று வழங்கும் இடத்தில், சர்வதேச வர்த்தகத் தொழிற்பொருட்காட்சி நடந்தது. அதற்காக எழுப்பிய 135 அடி உயரமுள்ள கோபுரம், மைசூரின் திவானாயிருந்த பொறியியல் மேதை விஸ்வேஸ்வரையாவின் பெயரைத் தாங்கி இன்றும் அங்கே நிற்கிறது. சுற்றிச் சுற்றி ஏறும் பாதையில் உச்சிக்குப் போய்ப் பார்த்தால் வயலும் ஏரியுமாயிருந்தது என்று அவர்கள் சொன்னார்கள். நெடுங்காலம் மேலே ஏற அனுமதியில்லாமல் மூடிக்கிடந்த அக்கோபுரம் 2023இல் மறுபடியும் திறக்கப்பட்டது. ஒரு பொருட்காட்சி வந்துபோனதால் ஒரு நகரப்பகுதியே உருவான வரலாறு அது. சென்னைவாசிகள் தம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது.

தில்லியில் 1980 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 14ஆம் தேதி சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சி தொடங்குவது வழக்கமாயிற்று. மாநிலங்கள் தத்தமக்கென்று கூடம் அமைத்தன. தமிழ்நாட்டுக் கூடத்தில் கோ-ஆப்டெக்ஸ் சேலைகளையும் பூம்புகார் வெண்கலச் சிலைகளையும் பார்ப்பதற்கு வந்த தில்லித் தமிழர்களில் பாதிப்பேர் தமிழில் நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போகவே வந்தவர்கள். அப்பளம் வாங்குகிற சாக்கில் ஊர் விசாரித்துக்கொண்டு நின்ற என் தாயாரை அங்கிருந்து அழைத்துவருவது பெரும்பாடு. நல்ல காட்சிதான்; குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் வருஷங்கள் போகப்போக, ஓடும் இயந்திரங்கள் அருகி விற்கும் கடைகள் பெருகின. ஊறுகாயும் கம்பளமும் நகையும் வாங்கிப் பை நிறைத்துக்கொண்டு வெளியேறிய கூட்டத்தில், இது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்ட குழந்தைகளையும் அதற்கு நின்று பதில் சொன்ன மனிதர்களையும் காண்பது அரிதாயிற்று. பொருள் கிடைக்காத காலத்தில் பொருட்காட்சி நமக்குச் செய்முறையைக் காட்டியது. எல்லாம் கிடைக்கும் காலத்தில் அது கடைவீதியாகச் சுருங்கிற்று என்றே நான் கருதுகிறேன்.

ஹால் ஆப் நேஷன்ஸ் என்னவாயிற்று என்பதைச் சொல்லாமல் போக முடியாது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் தொடங்கி, அதை இடித்துத் தள்ளினார்கள். புதிய மாநாட்டு மண்டபம் கட்ட இடம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலகெங்குமுள்ள கட்டடக் கலைஞர்களும் அருங்காட்சியகங்களும் விண்ணப்பித்துக்கொண்டார்கள். ரேவாலும் மகேந்திர ராஜும் நீதிமன்றப் படியேறினார்கள். அறுபது வயது நிறையாத கட்டடம் பாரம்பரியச் சின்னமாகாது என்ற அளவுகோலை அதிகாரிகள் காட்டினார்கள். அதற்கு அப்போது நாற்பத்தைந்து வயது. தாம் பெற்றதை வாழ்நாளிலேயே இழந்த அவ்விருவரில் மகேந்திர ராஜ் 2022இல் காலமானார். அதே ஆண்டில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், தெற்காசிய நாடுகள் விடுதலை பெற்ற பின் எழுப்பிய கட்டடங்களைப் பற்றி நடத்திய காட்சியில், தில்லியில் நிற்க இடமில்லாமற்போன இந்தக் கூடத்துக்குச் சிறப்பிடம் அளித்திருந்தது.

பாரீஸில் 1889 பொருட்காட்சிக்காக எழுப்பிய ஈபில் கோபுரத்துக்கும் இருபது வருஷத்துக்குத்தான் அனுமதி. நகரத்தின் கலைஞர்கள் பலர் அதை அருவருப்பானதென்று எழுதினார்கள். கம்பியில்லாத் தந்திக்கு அதன் உயரம் உதவியதால் பிழைத்தது. இன்று அது இல்லாத பாரீஸை யாரும் நினைத்துப்பார்ப்பதில்லை. நம்முடைய கூடத்துக்கு அப்படியொரு தந்தி வாய்க்கவில்லை. எஃகில்லாத நாடு, தன்னிடமிருந்த சிமெண்டையும் கணிதத்தையும் பெண்களின் தலைச்சுமையையும் கொண்டு, உலகம் அதுவரை செய்யாததைச் செய்து காட்டிய இடம் அது. அதை இடிக்கும் உரிமை சட்டப்படி இருந்திருக்கலாம். இடித்தது தவறு என்று நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

இந்நகரத்தில் இதைச் சொல்வதற்கு விசேஷக் காரணம் உண்டு. ஜி.டி. நாயுடு அவர்கள் தாம் கண்டதையும் செய்ததையும் பூட்டி வைக்காமல், ஜனங்கள் பார்க்கட்டும் என்று பரப்பி வைத்த ஊர் இது. அவிநாசி சாலையில் அவர் பெயரால் விளங்கும் காட்சிச்சாலையில் பள்ளிப் பிள்ளைகளை இன்றும் காணலாம். பம்புகளும் மோட்டார்களும் வார்ப்படங்களும் இவ்வூர்ப் பட்டறைகளிலிருந்து எங்கெங்கோ போகின்றன. ஆனால் இன்று நடக்கும் இயந்திரக் கண்காட்சிகள் பலவற்றின் வாசலில், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அனுமதியில்லை என்று எழுதி வைக்கிறார்கள். ஆபத்து நேராதிருக்க வேண்டும், வியாபாரப் பேச்சுக்கு இடைஞ்சல் கூடாது என்ற காரணங்கள் எனக்கு விளங்குகின்றன. 1851இல் லண்டனில் சொன்னவையும் ஏறக்குறைய இவையே. தில்லிப் பொருட்காட்சியில் இப்போதும் முதல் ஐந்து நாட்களை வியாபாரிகளுக்கென்று ஒதுக்கி, பின்னாட்களைப் பொதுமக்களுக்கு விடுகிறார்கள். ஆகவே வழியில்லை என்பதற்கில்லை.

உங்கள் சங்கத்திடம் என் விண்ணப்பம் இதுதான். அடுத்த முறை நீங்கள் நடத்தும் கண்காட்சியில் கடைசி நாளை ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். கார்ப்பரேஷன் பள்ளிகளிலிருந்தும், சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளிலிருந்தும் பஸ் வைத்து அழைத்து வாருங்கள். இயந்திரங்களைத் துணிபோட்டு மூடாமல் ஓடவிடுங்கள். கணினி உத்தரவிட்டு ஓடும் இயந்திரங்களின் அருகே, பழைய கை லேத் ஒன்றும் இருக்கட்டும். சுருள் வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு அது வேண்டும். இடுப்பளவு தடுப்பு போதும். விற்பனைப் பிரதிநிதியை நிறுத்தாமல், உங்கள் பட்டறையில் மூத்த டர்னரை நிறுத்துங்கள்; அன்றைக்கு அவருக்கு முழுச் சம்பளத்தோடு இரட்டைப்படி கொடுங்கள். மைக்ராமீட்டர் நான் தருகிறேன். ஓய்வுபெற்ற என் சகாக்களையும் அழைத்து வருகிறேன். தேதியை மட்டும், தயவுசெய்து, பள்ளிப் பரீட்சைக் காலத்தில் வைக்காதீர்கள்.